பழைய காரின் ஸ்டியரிங் ஏன் வெடிக்கிறது?

அட்டன் பாதையில் 'ஸ்ரீ' எழுத்து நம்பர் தகட்டோடு இன்னும் ஓடுகிற மொரிஸ் மைனர், ஒஸ்டின் கார்களின் ஸ்டியரிங்கைப் பாருங்கள். கை பிடிக்கிற இடம் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். வெடிப்போ பெரும்பாலும் குறுக்குக் கம்பிகள் வளையத்தோடு சேரும் இடத்தில் இருக்கும். தேய்ப்பது கை, வெடிக்க வைப்பது வெயிலும் குளிரும்.

அக்காலத்து ஸ்டியரிங்கின் உள்ளே எஃகு வளையம். மேலே கடின ரப்பரையோ செல்லுலோஸ் வகைப் பிளாஸ்டிக்கையோ வார்த்திருப்பார்கள். ரப்பரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது இழுபடும். முப்பது பங்கு சேர்த்தால் இறுகிப் போகும். அதுதான் எபனைட், 1851இல் நெல்சன் குட்இயர் காப்புரிமை பெற்ற பொருள்.

சூட்டில் எஃகு விரிவதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு எபனைட் விரியும். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தின் சுற்றளவு 126 சென்டிமீட்டர். விடியற்காலைக் குளிருக்கும் வெயிலில் நிறுத்திய காரின் உட்சூட்டுக்கும் 30 பாகை வித்தியாசம் எளிதில் வரும். அந்த 30 பாகைக்கு எஃகு அரை மில்லிமீட்டர்கூட நீளாது. எபனைட் மூன்று மில்லிமீட்டரை நெருங்கும். குளிரும்போது மேலுறை சுருங்கப் பார்க்கும், உள்ளிருக்கும் எஃகு விடாது. இந்த இழுபறி பல வருடம் நடந்தால் மேலுறை பிளக்கும். பிளவு வழியே ஈரம் இறங்கினால் எஃகு துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிடக் கூடுதல் இடம் வேண்டும். அது பிளவை மேலும் நெம்பும்.

ஆகவே வெடிப்பின்மேல் பசை தடவிப் பெயின்ட் அடித்தால் நிற்காது. ஹெக்சோ பிளேட்டாலும் அரத்தாலும் வெடிப்பை 'வீ' வடிவில் அகட்டி, எஃகு தெரியும்வரை போக வேண்டும். துருவைச் சுரண்டித் துடைத்த பிறகே எபொக்ஸி. அது மேலுறையோடு எஃகையும் பிடித்துக்கொள்ளும். இறுகிய பின் தேய்த்துச் சமன் செய்து பெயின்ட் அடிக்கலாம்.

அட்டன் பாதையிலுள்ள வட்டவளையில் இந்த எபொக்ஸி வேலையில்தான் சிக்கல். வருடத்துக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. எபொக்ஸியை இறுக்கும் அமீன், ஈரக் காற்றிலுள்ள கார்பனீரொட்சைட்டோடு சேர்ந்து மேலே பிசுபிசுப்பான படலமாகப் படியும். அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. படலம் படிந்துவிட்டால் பெயின்டுக்கு முன்பே தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும்.

படியாமலே தடுக்க, ஸ்டியரிங்கை ஒரு பெட்டியில் வைத்து உள்ளே குண்டு பல்ப் எரிய விடலாம். 18 பாகையில் ஈரம் நிறைந்து நிற்கும் காற்றை 25 பாகைக்கு ஏற்றினால் போதும். ஈரப்பதன் நூறு சதவீதத்திலிருந்து 65 அளவுக்கு இறங்கிவிடும். ஒரு சொட்டு நீரையும் வெளியேற்றவில்லை; சூடான காற்றுக்கு நீராவியைத் தாங்கும் திறன் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னும் சூடாக்கினால் சீக்கிரம் இறுகுமே என்று தோன்றும். ஆனால் சூட்டில் மேலுறை விரிந்து பிளவு ஒடுங்கியிருக்கும். அந்த நிலையில் நிரப்பிய எபொக்ஸி, குளிரில் பிளவு அகலும்போது இழுபடும். அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு அது இழுவையைத் தாங்காது. கராஜில் இப்படி மிச்சப்படுத்திய நேரம், மார்கழிக் குளிரில் மயிரிழை வெடிப்பாகத் திரும்பி வரும்.