மூணாறில் ஒரு புல்வெளி

மூணாறு போய்வரும் நம் சங்கக் குடும்பங்கள் தேயிலையையும் வரையாட்டையும் பற்றித்தான் பேசுகின்றன. அங்குள்ள ஹைரேஞ்ச் கிளப்பின் கோல்ஃப் மைதானத்தை யாரும் சொல்லக் கேட்டதில்லை. சென்ற முறை போனபோது என் பேரன் கேட்டான்: "இவ்வளவு நல்ல இடத்தில் ஏன் தாத்தா தேயிலை போடவில்லை?"

நல்ல கேள்வி. தேயிலைக்கு மழை வேண்டும். ஆனால் வேரடியில் நீர் தேங்கக் கூடாது. ஆகவே மலைச்சரிவுதான் அதற்கு உகந்தது. பள்ளத்தாக்கின் அடியில் ஈரம் நிற்கும், உறைபனியும் அங்கேதான் இறங்கும். தோட்டத்துக்கு ஆகாத நிலம் துரைமாரின் ஆட்டத்துக்கு ஆயிற்று என்பது என் கணிப்பு. குழிகள் ஒன்பதுதான். பதினெட்டு ஆட வேண்டுமானால் இரண்டு சுற்று வரவேண்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா பாலைவனத்தில் 1951-இல் தண்டர்பேர்ட் என்ற கிளப்பைத் தொடங்கினார்கள். அங்கே புல்லுக்கு நீரைப் பாய்ச்சியாக வேண்டும். மைதானத்தை ஒட்டி வசதி படைத்தவர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். மூணாறில் நிலைமை நேர்மாறு. புல்லை வானமே பார்த்துக்கொள்ளும்; துரைமாரின் பங்களாக்களோ மைல் கணக்கில் தள்ளித் தள்ளி இருந்தன. வாரம் முழுதும் தனியே கிடந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத்தான் கிளப்.

அதன் பாரில் சுவரெங்கும் பழைய தொப்பிகள். ஹைரேஞ்சில் முப்பது ஆண்டு உழைத்த துரை தம் தொப்பியை அங்கே மாட்டலாம் என்பது வழக்கம். அதே மலையில் முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்த திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரத்துச் சனங்கள் லயத்து வீட்டில் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு சுவர் இல்லை.

என் தாத்தாவும் அந்தச் சனத்தில் ஒருவர்தான், ஆனால் கொழுந்து பறித்தவர் அல்ல. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் தண்டவாளம் பார்த்தவர். 1902-இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கியது அது. 1908-இல் இரண்டடி அகலப் பாதையானது. தேயிலைப் பெட்டிகள் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போகும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடி. ரயிலும் கம்பிவடமும் மாட்டுவண்டியும் ஒரே சரக்கைக் கைமாற்றிக் கொண்டுபோன அந்த ஏற்பாட்டை நினைத்தால், நாற்பது ஆண்டு ரயில்வேயில் இருந்த எனக்கு இன்றும் வியப்புத்தான்.

1924 ஜூலை வெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி போடவில்லை. வேலை போன தாத்தா ஒலவக்கோடு வந்து கேங்மேன் ஆனார். நாங்கள் பாலக்காட்டுக்காரர்கள் ஆனது அப்படித்தான்.

நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை போகிறவர்கள் அவசியம் பாருங்கள். பேரனை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து வந்தேன்.