இல்லையெண்டு சொல்லத்தான் கெதியா வரும்



இந்தக் கிழமை எபிசோட்டில், தேடல் மென்பொருளின் வேகத்தை எப்படி அளக்கிறது எண்டு கதைச்சம். கேட்க நேரம் கிடைக்காத ஆக்களுக்கும், கேட்டு 'பெர்சென்டைல்' எண்ட இடத்தில தூங்கிப்போன ஆக்களுக்கும் இதை எழுதிறேன். பெரிய தத்துவம் இல்லை. நான் சொதப்பின கதைதான்.

ஊர்ச் சங்கம் ஒன்று பழைய மலர்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தது. பாடசாலை மலர், கும்பாபிஷேக மலர், விளையாட்டுக் கழக மலர் என்று பெட்டி பெட்டியாக. "நீர் கொம்பியூட்டர் படிச்சனீர்தானே, தேடிப் பார்க்க ஒரு வழி செய்து தாரும்" என்றார்கள். செய்தேன். பென்டில் ஹில் ஸ்டேஷனில் இருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஹோலில், ஞாயிறு பின்னேரம் டெமோ.

அப்பாவின் கூட்டாளி அங்கிள் ஒருவர்தான் முதலில் வந்து இருந்தார். இடம்பெயரும்போது வீட்டில் இருந்த படங்கள் எல்லாம் போய்விட்டன; தமையனின் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. பாடசாலை மலர் ஏதாவது ஒன்றில் இருக்கும் என்று நம்பி வந்திருந்தார். 'கல்லூரி' என்று தட்டினார். பின்னால் பத்துப் பேர் தங்கள் ஃபோனிலும் தட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில் அந்த வட்டம் சுத்துது, சுத்துது.

"தம்பி, இது படுத்திட்டுதோ?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில், "சரி, பிறகு பாப்பம்" என்று எழும்பிப் போய் ரோல்ஸ் எடுத்தார்.

முதல் கிழமை இதே தேடல் என் லப்டொப்பில் கண் சிமிட்டும் நேரத்தில் ஓடினது. பிறகு என்ன நடந்தது?

முதலில் உள்ளுக்குள்ள என்ன இருக்கெண்டு பாருங்கோ. நான் பாவித்தது ஓபன்சேர்ச். அதன் இதயம் லூசீன் என்கிற ஓபன் சோர்ஸ் லைப்ரரி. 1999-ல் டக் கட்டிங் எழுதியது, 2001-ல் அப்பாச்சிக்குள் வந்தது. சோலர், எலாஸ்டிக்சேர்ச் இரண்டும் அதே லூசீனின் மேல்தான் நிற்கின்றன. 2021-ல் எலாஸ்டிக் நிறுவனம் உரிமத்தை மாற்றினபோது, அமேசன் முன்னின்று பழைய நிரலில் இருந்து பிரித்தெடுத்ததுதான் ஓபன்சேர்ச். 2024-ல் அது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் போனது.

ஒரே லூசீன்தான். ஆனால் இரண்டு பக்கமும் 'நாங்கள்தான் வேகம்' என்று அளவீடு வெளியிட்டிருக்கின்றன. 2023-ல் எலாஸ்டிக் தன் அளவீட்டில் தான் முன்னுக்கு என்றது. 2025-ல் அமேசனுக்காக ட்ரெயில் ஒவ் பிட்ஸ் செய்த அளவீட்டில் ஓபன்சேர்ச் முன்னுக்கு நின்றது. இதில் ஆராவது பொய் சொல்லவேண்டும் என்றில்லை. எந்தத் தரவில், எந்தக் கேள்விகளை, எந்தப் பதிப்பில் ஓடவிட்டார்கள் என்பது மாறினால் விடையும் மாறும்.

இனி என்ர பிழைகளுக்கு வாறேன்.

முதலாவது: ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் தேடினேன். 'யாழ்ப்பாணம்', ஆயிரம் தரம். முதல் தரம் டிஸ்க்கில் இருந்து எடுத்ததை கொம்பியூட்டர் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். மிச்சம் 999 தரமும் கையில் இருக்கிறதைத் தூக்கித் தருகிறது, அவ்வளவுதான். ஹோலில் ஒவ்வொருவரும் வேற வேற சொல் தட்டுவினம்.

இரண்டாவது: சராசரியைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். ஒரு கணக்குப் பாருங்கோ. நூறு தேடலில் 98 தேடலுக்கு 20 மில்லிசெக்கன், இரண்டுக்கு 5 செக்கன். சராசரி 120 மில்லிசெக்கன் வரும், நல்லாத்தான் தெரியும். ஆனால் அந்த இரண்டு பேரும் எழும்பிப் போய்விட்டார்கள். அதனால்தான் 99-ஆவது பெர்சென்டைலைப் பார்க்கச் சொல்லுவார்கள்: நூறில் 99 தேடல் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தது என்ற கணக்கு. இந்த உதாரணத்தில் அது 5 செக்கன். உண்மை அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது: வரிசையை அளக்கவில்லை. வெள்ளி இரவு கொத்து ரொட்டி வாங்கப் போறீங்கள் எண்டு வையுங்கோ. ஓடர் குடுத்தால் எட்டு நிமிசத்தில் கையில் வருகிறது. ஆனால் ஓடர் குடுக்கவே அரை மணித்தியாலம் வெளியில் நிண்டனீங்கள். கடைக்காரர் எட்டு நிமிசம் என்பார், நீங்கள் 38 நிமிசம் என்பீர்கள். என்ர டெஸ்ட், ஒரு தேடல் முடிந்த பிறகுதான் அடுத்ததை அனுப்பினது. வரிசையே உருவாகாது, எல்லாம் எட்டு நிமிசம்தான். ஓபன்சேர்ச் பெஞ்ச்மார்க் என்கிற கருவி இந்த இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். சேவை நேரம் என்பது கடைக்காரரின் கணக்கு; தாமதம் என்பது உங்கட கணக்கு. செக்கனுக்கு இத்தனை தேடல் வரவேண்டும் என்று வேகத்தை நீங்களே குறிக்கலாம். முந்தினது முடிந்ததோ இல்லையோ அடுத்தது வரிசையில் வந்து நிற்கும்.

நாலாவது பிழைதான் உண்மையில் ஆளைக் கவிழ்த்தது. அது தமிழ்.

டெமோவுக்கு முதல்நாள் இரவு 'கல்லூரி' என்று தேடிப் பார்த்தேன். பாதிப் பக்கங்கள் வரவில்லை. மலர்களில் 'இந்துக்கல்லூரி', 'மகளிர்கல்லூரியில்' என்று சேர்த்து எழுதியிருக்கிறது. கொம்பியூட்டருக்கு அவை முழுக்க வேற சொற்கள். லூசீனுக்குள் தமிழுக்கென்று ஒரு அனலைசர் இருக்கிறது. அது வேற்றுமை உருபு மாதிரியான பின்பக்கத்து வாலைத்தான் வெட்டும், முன்னால் ஒட்டினதைப் பிரிக்காது. நான் அவசரத்தில் சொல்லுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டு, 'நடுவில எங்க இருந்தாலும் கொண்டு வா' என்று விட்டேன். எல்லாம் வந்தது. வேகத்தைத் திரும்ப அளக்காமல் படுத்துவிட்டேன்.

அகராதியில் 'கல்' என்று தொடங்கும் சொல்லைத் தேடினால் நேரே 'க' பக்கத்துக்குப் போவீர்கள். 'கல்லூரி' என்று முடிகிற சொற்களைத் தேடினால்? முதல் பக்கத்தில் இருந்து கடைசி வரை புரட்டவேண்டும். லூசீனும் அதைத்தான் செய்கிறது. தமிழில் ஒரு சொல்லே கல்லூரியில், கல்லூரிக்கு, கல்லூரியிலிருந்து என்று பெருகும். அதோடு, படத்தில் இருந்து எழுத்தைப் பிரிக்கும்போது வந்த பிழைச்சொற்களும் சேர்ந்து அகராதி வீங்கிப்போய் இருந்தது. மலிவான சேர்வர் ஒன்றில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் அதை முதலில் இருந்து கடைசி வரை புரட்டினால் வட்டம் சுத்தாமல் என்ன செய்யும்.

இதே வருத்தம் லூசீனுக்கே ஒருகாலம் இருந்தது. எழுத்துப்பிழையோடு தேடினாலும் கண்டுபிடிக்கிற 'ஃபஸி' தேடல், முந்தி அகராதியின் சொற்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தது. 2012-ல் வந்த 4.0 பதிப்பில், பொருந்த வாய்ப்பே இல்லாத பகுதிகளைத் தாண்டிப் போக அதற்குப் பழக்கினார்கள். அந்தத் தேடல் ஏறக்குறைய நூறு மடங்கு வேகமானது. வேகமான மெஷின் வாங்கித் தீர்த்த பிரச்சினை இல்லை. என்ன வேலை நடக்கிறது என்று பார்த்துத் தீர்த்தது.

லூசீனை எழுதுகிறவர்களில் ஒருவரான மைக் மக்கான்ட்லெஸ், 2011-ல் இருந்து இரவு தோறும் ஒரு சோதனை ஓடவிடுகிறார். அன்றைய நிரலை எடுத்து, ஆங்கில விக்கிப்பீடியாவை இன்டெக்ஸ் பண்ணி, பல வகைத் தேடல்களை ஓட்டி, வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கும். கோடு திடீரென்று விழுந்தால், அன்று என்ன மாற்றினோம் என்று தேடுவார்கள். முதல்நாள் இரவு நட்சத்திரக் குறி போட்ட எனக்கு அப்படி ஒரு புள்ளி இருந்திருந்தால், ஹோலில் வெட்கப்பட்டிருக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தக் கோடு ஆங்கிலத்துக்கானது. கருவிகளோடு வருகிற பெயர்போன மாதிரித் தரவுகளும் நியூயோர்க் டக்சிப் பயணங்கள், இடப்பெயர்கள், சேர்வர் பதிவுகள் போன்றவைதான். தமிழ்த் தேடல் மெதுவானால் அங்கே ஒரு கோடும் விழாது. ஆரும் கெட்டது நினைத்துச் செய்யவில்லை; அளக்கிற ஆள் நாங்கள் இல்லை, அவ்வளவுதான். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன; முழுவதையும் இலவசமாக இறக்கலாம். உங்கள் சொந்தத் தரவையும் கேள்விகளையும் வைத்து ஓடவிட ஓபன்சேர்ச் பெஞ்ச்மார்க்கிலும் வழி இருக்கிறது.

நான் கடைசியில் என்ன செய்தேன்? நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, சொற்களைச் சின்னத் துண்டுகளாக வெட்டி இன்டெக்ஸ் பண்ணினேன். இதை என்-கிராம் என்பார்கள். இன்டெக்ஸ் பெருத்தது, தேடல் கெதியானது. இதிலும் தமிழுக்கென்று ஒரு சுழி இருக்கிறது: 'கல்லூரி' எங்களுக்கு 4 எழுத்து, கொம்பியூட்டருக்கு 7, ஏனென்றால் புள்ளியையும் ஊகாரக் குறியையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணும். துண்டின் நீளத்தை ஆங்கிலக் கணக்கில் வைத்தால் எழுத்தின் நடுவில் வெட்டு விழும்.

இன்னொன்றும் சேர்த்தேன். ஒவ்வொரு சோதனைத் தேடலுக்கும், வரவேண்டிய ஒரு பக்கத்தைக் குறித்து வைத்தேன். நேரத்தோடு சேர்த்து, அந்தப் பக்கம் வந்ததா என்றும் பார்க்கும். நட்சத்திரம் போடுவதற்கு முந்தின தேடல் மின்னல் மாதிரி ஓடினது, ஏனென்றால் பாதியைத் தேடவே இல்லை. 'இல்லை' எண்டு சொல்லுறதைப்போல கெதியான தேடல் உலகத்தில இல்லை.

பிறகு ஒருநாள் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அங்கிள் வீட்டுக்குப் போனேன். பாடசாலை மலர் ஒன்றில், இரண்டாவது வரிசையில், தமையன் நின்றார். அங்கிள் கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "இதைப் பெரிசாப் பிரின்ட் எடுக்கலாமோ?" என்று கேட்டார்.

இந்தக் கிழமை உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் அம்மா, அப்பா, அம்மம்மா எதையாவது தேடினால் என்ன சொல்லைத் தட்டுவினம் எண்டு கேட்டு, தட்டுறமாதிரியே, பிழையோடயே எழுதி அனுப்புங்கோ. என்ர சோதனையின் அடுத்த பட்டியல் அதுதான். முடிவை அடுத்த எபிசோட்டில் சொல்லுறேன்.