'டி' அழுத்துடா!

போன சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க விங்ல தூங்கிட்டு இருந்த எல்லாரையும் எழுப்பிவிட்ட சத்தம் இதுதான்: "டேய் சிவில், டி அழுத்துடா, டி!" அவன் அழுத்தல. ஆறு பேர் கொண்ட அவனோட ஸ்குவாட் ஒரு எம்.ஜி. 42 முன்னாடி பனியில படுத்தபடியே காலி. அடுத்த பத்து நிமிஷத்துல நாங்க நாலு பேரும் தோத்தோம், அதுவும் ஸ்டாண்டர்ட் லெவல் கம்ப்யூட்டர்கிட்ட. அதுக்குக் கீழ ஈஸி மட்டும்தான் இருக்கு, வெட்கமாதான் இருந்துச்சு.

கேம் பேரு கம்பெனி ஆஃப் ஹீரோஸ் 2. கனடாவின் வான்கூவர்ல இருக்கிற ரெலிக் நிறுவனம் செஞ்சது, 2013 ஜூன்ல வந்தது. இதோட மூணாவது பாகமே 2023-ல வந்தாச்சு, நாங்க இப்பதான் ரெண்டுக்கே வந்திருக்கோம். காரணம் எளிது: மூணாவதைத் திறந்தா எங்க லேப்டாப் ஹீட்டர் ஆயிடும். இது 20 மணி நேரம் ஆடின அனுபவம் மட்டும்தான். நாலு பேர் ஒரே டீமா சேர்ந்து கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடுற மோட் பத்தித்தான் அதிகம் சொல்லப் போறேன்.

களம் இரண்டாம் உலகப் போரின் கிழக்கு முனை, அதாவது சோவியத்துக்கும் ஜெர்மனிக்கும் நடந்த சண்டை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடினவங்களுக்கு முதல் அதிர்ச்சி, இங்க மரம் வெட்ட, தங்கம் தோண்ட ஆளே கிடையாது. மேன்பவர், மியூனிஷன், ஃப்யூயல்னு மூணு வளம் இருக்கு. மேன்பவர் தானா வந்துட்டே இருக்கும். மத்த ரெண்டும் மேப்ல பிரிச்சு வெச்சிருக்கிற நிலப்பகுதிகளைப் பிடிச்சாதான் வரும். பிடிச்சா மட்டும் போதாது, அந்தப் பகுதி உங்க தலைமையகம் வரைக்கும் தொடர்ச்சியா இணைஞ்சிருக்கணும். சீரியஸ் சர்க்யூட்ல நடுவுல ஒரு வயரை வெட்டின மாதிரி, எதிரி இடையில ஒரே ஒரு பகுதியைப் பிடிச்சுட்டா அதுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்க ஃப்யூயல் பாயின்ட் அத்தனையும் டெட். ஃப்யூயல் இல்லன்னா டேங்க் இல்ல.

நாங்க தோத்தது இங்கதான். டீம்ல யாரு ஒரு பகுதியைப் பிடிச்சாலும் அதோட வருமானம் நாலு பேருக்கும் போகும். ஆனா நாங்க ஆளாளுக்கு தனி ராஜ்ஜியம் நடத்தினோம். மெக் ஆரம்பத்துல இருந்தே "நான் டி-34 எடுக்கப் போறேன்"னு தலைமையகத்துலயே உட்கார்ந்துட்டான். இ.சி.இ. மேப்பின் நடுவுல இருக்கிற வெற்றிப் புள்ளியை மட்டும் கட்டிப் புடிச்சிட்டு இருந்தான். சிவில் வலது ஓரத்துல தனியா செத்துக்கிட்டு இருந்தான். நான் அவனுக்கு உதவப் போய், என் இணைப்புப் பகுதியை அம்போன்னு விட்டுட்டேன். கம்ப்யூட்டர் நாலே நாலு சிப்பாயை அனுப்பி அதைப் பிடிச்சது. மெக்கோட டி-34 கடைசி வரைக்கும் வரவே இல்ல.

ரெண்டாவது தடவை கொஞ்சம் யோசிச்சோம். சாதாரண நிலப்பகுதியில கொஞ்சம் மேன்பவர் செலவு பண்ணி ஒரு சேமிப்புக் கிடங்கு கட்டலாம். அதுல வர்ற கூடுதல் ஃப்யூயலோ மியூனிஷனோ டீம் முழுக்கப் போகும். சண்டையில மொக்கையா ஆடுற ஒருத்தன் (நான்தான்) இதை மட்டும் கவனிச்சாலே மத்த மூணு பேருக்கும் டேங்க் சீக்கிரம் வருது. பெருமைப்பட ஒண்ணும் இல்லாத வேலை. ஆனா அந்த மேட்ச்ல நாங்க முதல் தடவையா ஜெயிச்சோம்.

சரி, இந்த 'டி' என்னன்னு சொல்லணும். கீபோர்டுல டி அழுத்தினா அந்த ஸ்குவாட் பின்வாங்கும். கையில இருக்கிற வேலையை அப்படியே போட்டுட்டு தலைமையகத்துக்கு ஓடுவாங்க, நடுவுல நீங்க திருப்ப முடியாது. ஓடும்போது குண்டு படுறதும் குறையும். அங்க போனதும் செத்தவங்களுக்குப் பதிலா புது ஆள் சேர்த்துக்கலாம். புது ஸ்குவாட் வாங்குறதை விட அது மலிவு, அதுவரைக்கும் அந்த ஸ்குவாட் சம்பாதிச்ச அனுபவமும் போகாது. எம்.ஜி. சுட்டா உங்க ஆளுங்க தரையோட படுத்து ஊர ஆரம்பிப்பாங்க. அந்த நிலையில முன்னாடி போகச் சொல்லி கிளிக் பண்றது சுத்த வேஸ்ட். ஒருத்தன் எம்.ஜி.-யோட கவனத்தை இழுக்கணும், இன்னொருத்தன் பக்கவாட்டுல சுத்தி வரணும். எம்.ஜி. ஒரு திசைக்குள்ளதான் சுடும், திருப்பி வைக்க நேரம் ஆகும். இதைத் தனியாவும் செய்யலாம். ரெண்டு பேர் பேசிக்கிட்டு செய்யும்போது வர்ற சந்தோஷமே வேற.

எம்.ஜி. ஆளுங்க செத்துட்டா துப்பாக்கி அங்கேயே கிடக்கும், யாரு வேணா எடுத்துக்கலாம். எதிரியோடதை நாம எடுக்கலாம், நண்பனோடதையும் எடுக்கலாம். என் மேக்ஸிமை இ.சி.இ. சுட்டுட்டான், இன்னும் திருப்பித் தரல.

குளிரைப் பத்தி ஒரு வார்த்தை. சில பனி மேப்ல பனிப்புயல் அடிக்கும். பார்வை தூரம் சுருங்கிடும், வெளியில நிக்கிற ஆளுங்க உறைஞ்சே செத்துடுவாங்க. நெருப்புக் குழி, கட்டடம், ஏதாவது ஒண்ணு பக்கத்துல வேணும். உறைஞ்ச ஆத்து மேல டேங்க் ஓட்டினா மேல விழற குண்டுல பனி உடைஞ்சு டேங்க் முழுகிடும். மெக்குக்கு ஆசையா வந்த முதல் டி-34 அப்படித்தான் ஜலசமாதி ஆச்சு.

எனக்கு உறுத்தினது வேற ஒண்ணு. தனியா ஆடுற சோவியத் கதை ஸ்டாலின்கிராட்ல ஆரம்பிக்குது. அங்க சில இடத்துல புதுசா ஆள் வரவழைச்சதும் ஒரு டைமர் ஓடும். அந்த நேரத்துல டி அழுத்திப் பின்வாங்கினா, ஓடி வர்ற உங்க ஆளுங்களை உங்க ராணுவமே சுடும். 1942 ஜூலை 28-ல் ஸ்டாலின் போட்ட 227-ஆம் எண் உத்தரவுதான் அது. 'ஒரு அடி கூடப் பின்வாங்கக் கூடாது' என்பது அதன் சாரம். நாலு பேர் ஆடும்போது நான் ராத்திரி முழுக்கக் கத்திட்டு இருந்த அதே பட்டனை இங்க அழுத்தினேன், திரையில என் ஆளுங்க என் கண் முன்னாடியே விழுந்தாங்க. கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வெச்சுட்டேன்.

ரஷ்யாவுல இந்தக் கதைக்கு பெரிய எதிர்ப்பு கிளம்பி, 2013-ல அங்க விநியோகம் செஞ்ச நிறுவனம் விற்பனையையே நிறுத்திடுச்சு. அவங்க கோபத்துல நியாயம் இல்லாம இல்ல. அந்த உத்தரவு வந்த பிறகு, 1942 ஆகஸ்ட் 1 முதல் அக்டோபர் 15 வரை தடுப்புப் படைகள் பிடிச்சது 1,40,755 பேரைன்னு சோவியத் ஆவணம் சொல்லுது. அதுல சுடப்பட்டவங்க 1,189. திரும்பப் படைப்பிரிவுக்கே அனுப்பப்பட்டவங்க 1,31,094. சின்ன எண்ணிக்கைன்னு நான் சொல்ல மாட்டேன், 1,189 பேரும் சொந்த ஆளுங்க கையால செத்தவங்கதானே. ஆனா பின்வாங்கின ஒவ்வொருத்தனையும் சுட்டாங்கன்னு கேம் காட்டுறது வரலாறு இல்ல.

அதனால கதையை ஓரம் கட்டிட்டு, கூட்டா ஆடுறதுக்காக மட்டும் வாங்குங்கன்னு சொல்வேன். தியேட்டர் ஆஃப் வார்னு ஒரு பகுதி இருக்கு, அதுல ரெண்டு பேர் சேர்ந்து ஆடுற சின்ன மிஷன்கள் வருது, பழகறதுக்கு நல்ல இடம். ஸ்டீம்ல தள்ளுபடி வர்ற வரைக்கும் பொறுங்க. குறையும் இருக்கு: மேட்ச் ஒரு மணி நேரத்தைத் தாண்டி இழுக்குது, நடுவுல ஒருத்தன் வைஃபை போச்சுன்னா அவன் படையை கம்ப்யூட்டர் எடுத்து ஆடும், கண்றாவியா ஆடும்.

வர்ற சனிக்கிழமை ஹார்ட் லெவல். சிவில் இப்போ டி பட்டன் மேல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கான்.