தார்க்கோவ்ஸ்கியின் 'பலி': முடிவின் பொருள் யாது?

ருஷ்ய இயக்குநர் அந்திரேய் தார்க்கோவ்ஸ்கி சுவீடன் நாட்டில் உருவாக்கிய இறுதித் திரைப்படம் 'பலி' (1986). இதனைக் காண்போர் பலரும், போர் உண்மையிலேயே மூண்டதா அல்லது அனைத்தும் கனவா என்னும் ஐயத்துடனேயே எழுகின்றனர். இவ்வையத்தைத் தீர்க்கும் சான்று எதனையும் படம் தரவில்லை. அது குறையன்று என்பதையும், படத்தின் முடிவு வேறொரு வினாவை நம்முன் வைக்கிறது என்பதையும் இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கதை ஒரு பகலும் ஓர் இரவும் மறுநாட் காலையுமாக அமைந்துள்ளது. முன்னாள் நடிகரான அலெக்சாந்தர் தம் பிறந்தநாளன்று, கடற்கரையில் ஒரு பட்ட மரத்தைத் தம் சிறு மகனோடு நட்டு நிறுத்துகிறார். நாள்தோறும் தவறாது நீர் வார்த்துப் பட்ட மரத்தைப் பூக்கச் செய்த துறவியின் கதையை அவனுக்குச் சொல்லுகிறார். தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்திருப்பதால் சிறுவனால் பேச இயலவில்லை. அன்று மாலை அணுப்போர் மூண்டதாகத் தொலைக்காட்சி அறிவிக்கிறது. அலெக்சாந்தர் தரையில் விழுந்து பரமண்டல ஜெபத்தைச் சொல்லுகிறார். எல்லாம் காலையில் இருந்தபடியே மீண்டும் ஆகுமானால் வீட்டையும் குடும்பத்தையும் பேச்சையும் துறப்பதாகப் பொருத்தனை செய்கிறார். பின்னர், தபால்காரர் ஒத்தோவின் சொற்படி, சூனியக்காரி என்று சொல்லப்படும் பணிப்பெண் மரியாவிடம் சென்று அவளோடு இரவைக் கழிக்கிறார். விடிந்ததும் மின்விளக்கு எரிகிறது; தொலைபேசி இயங்குகிறது; வீட்டார் போரைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அவரோ வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டு வீட்டிற்குத் தீ வைக்கிறார். மருத்துவ ஊர்தி அவரை ஏற்றிச் செல்லுகிறது.

உலகைக் காத்தது ஜெபமா, மரியாவா, அல்லது காக்கப்படவேண்டிய ஆபத்தே நேரவில்லையா? மூன்றுக்கும் படம் இடமளிக்கிறது. ஆகவே அலெக்சாந்தரின் நிலையிலிருந்தே நாம் சிந்திக்கவேண்டும். தம் ஜெபம் கேட்கப்பட்டது என்பதற்கு அவரிடம் பிறர் ஒப்பும் சான்று ஒன்றுமில்லை. பொருத்தனையை அறிந்தோரும் இல்லை. ஆபத்து நீங்கியபின் அதை மறந்துவிடுவது அவருக்கு எளிது. ஆயினும் அவர் நிறைவேற்றுகிறார்.

இதனை விசுவாசத்தின் வெற்றி என்று உடனே போற்றிவிட நம்மால் இயலாது. 'நீர் இதைச் செய்தால் நான் அதைச் செய்வேன்' என்பது பேரத்தின் மொழி. மார்ட்டின் லூத்தர் 1505ஆம் ஆண்டு இடிமின்னலுக்கு அஞ்சிச் செய்த பொருத்தனையினால் துறவியானார். 1521இல் அத்தகைய பொருத்தனைகளை ஆராய்ந்து மறுத்து எழுதினார். கிருபைக்கு விலை கொடுக்க எவராலும் கூடாது. மேலும், எரிந்த வீடு அலெக்சாந்தருக்கு மட்டும் உரியதன்று. மனைவியும் பிள்ளைகளும் அதில் வாழ்ந்தனர். யெப்தாவின் பொருத்தனைக்கு விலை கொடுத்தவள் அவன் மகளே என்பதை நாம் மறக்கலாகாது (நியாயாதிபதிகள் 11). படத்தின் சுவீடியத் தலைப்புச் சொல், நம் 'பலி' என்னும் சொல்லைப் போலவே, படைக்கும் செயலையும் அதற்கு இரையாகும் உயிரையும் குறிக்கும். இவ்விரு பொருளும் எரியும் வீட்டின்முன் ஒருங்கே நிற்கின்றன.

ஆனால் படம் நெருப்போடு முடியவில்லை என்பதே முக்கியமானது. தந்தையை ஏற்றிய ஊர்தி விலகிச் செல்லும் வேளையில், சிறுவன் நீர் நிறைந்த இரண்டு வாளிகளைச் சுமந்து வந்து மரத்தின் வேரில் வார்க்கிறான். பின்பு அதனடியில் படுத்து, படத்தில் முதன்முறையாகப் பேசுகிறான். யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்தைச் சொல்லி, அது ஏன் அப்படி என்று தந்தையிடம் கேட்கிறான். விடை கூறவேண்டியவர் அங்கில்லை, இருந்தாலும் பேசமாட்டார். தந்தை வாய்மூடிய நாளில் மகன் வாய் திறக்கிறான். கிளைகளில் துளிர் ஒன்றுமில்லை. அவற்றின் பின்னே கடல் ஒளிர்கிறது.

இவ்விடத்தில் படம், நம்பிக்கையோடு இயக்குநரின் மகனுக்குக் காணிக்கையாக்கப்படுகிறது. தாயகம் திரும்புவதில்லை என்று தார்க்கோவ்ஸ்கி 1984இல் அறிவித்தபோது மகன் சோவியத் நாட்டில் இருந்தார்; 1986 ஜனவரியில்தான் தந்தையிடம் வர அனுமதி பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் தார்க்கோவ்ஸ்கி புற்றுநோயால் பாரிஸில் காலமானார்.

ஆக, முடிவில் இருவகைக் காணிக்கைகள் அருகருகே வைக்கப்படுகின்றன. ஒன்று, ஒரே நாளில் அனைத்தையும் எரித்துவிடும் நெருப்பு. மற்றது, பலன் காணாமலே நாளையும் சுமக்கவேண்டிய இரண்டு வாளி நீர். முன்னதைப்பற்றி நம் தீர்ப்பு எதுவாயினும், பின்னது நம் திருப்பணியின் அன்றாட வடிவம் என்பதில் ஐயமில்லை. கடவுள் தம் ஜெபத்தைக் கேட்டார் என்று சபையார் ஒருவர் நம்மிடம் சொல்லும்போது, அது கனவா நனவா என்று தீர்ப்பளிக்க நாம் விரைய வேண்டுவதில்லை. அந்த நன்றியறிதல் அவரை எச்செயலுக்கு நடத்துகிறது என்றும், அதன் விலையைப் பிறர் எவரேனும் கொடுக்க நேருகிறதா என்றும் அவரோடு அமர்ந்து எண்ணிப் பார்ப்பதே ஆயரின் கடமையாகும்.