டவரே இல்லாத மலைப்பாதையில் பைக்குக்கு வழி சொல்வது எது?

மணாலி–லே சாலையில் நெடுந்தூரத்துக்குச் செல்போன் சிக்னல் கிடைக்காது. ஆனாலும் ஜிபிஎஸ் கருவி தான் இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லிவிடும். எப்படி?

மின்னலுக்கும் இடிக்கும் இடையிலுள்ள நேரத்தை வைத்து, இடி விழுந்த தூரத்தைக் கணிக்கிறோம் அல்லவா? அதே கணக்குதான். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், புறப்பட்ட நேரத்தைச் சுமந்த ரேடியோ அலைகளை அனுப்புகின்றன. அலை வந்துசேர ஆகும் நேரம் தூரத்தைக் காட்டிக்கொடுக்கும். நான்கு செயற்கைக்கோள்களின் அலை கிடைத்தால் இடம் பிடிபட்டுவிடும்.

டவர் தேவைப்படுவது, இணையத்திலிருந்து வரைபடத்தை இறக்கத்தான். ஆகவே வரைபடத்தை உள்ளேயே சேமித்து வைக்கும் கருவியே நெடும்பயணத்துக்கு ஏற்றது. கையுறையோடு தொட்டாலும் திரை வேலை செய்ய வேண்டும். மழையையும் தாங்க வேண்டும்.

அதிர்வும் லேசுப்பட்டதல்ல. சக்திவாய்ந்த பைக் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. விலை உயர்ந்த போனை ஹேண்டில்பாரில் நேரடியாக மாட்டாதீர்கள்.