முதலில் படிப்பு, பிறகு பயணம்

மூணாறு அருகே சித்திரபுரம் போன்ற தேயிலைத் தோட்டப் பகுதிகளில் பட்டம் முடித்த தமிழ்ப் பிள்ளைகள், மேலே படிப்பதா, நெடும்பயணம் போவதா என்று கேட்டால் படிப்பையே முதலில் சொல்வேன். லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் உள்ள வீடு தோட்ட வேலையோடு கட்டுண்டது. பெற்றோர் ஓய்வு பெற்றால் வீடும் கைவிட்டுப் போகலாம்; அதற்குள் பிள்ளைகள் கையில் ஒரு தொழில் வேண்டும். பல உதவித்தொகைகளுக்கு வயது வரம்பு உண்டு, பயணத்துக்கு இல்லை. பயணமும் படிப்புதானே என்பார்கள். உண்மைதான், ஆனால் கையில் ஒரு தொழில் இருப்பவருக்கே அது முழுதாகப் பலிக்கிறது. பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்ற பிறகே, காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்தார்; 1940இல் காந்தி குறித்த அவரது ஆவணப்படம் வெளிவந்தது. படிப்பே அவரை அந்த நகரங்களுக்குக் கொண்டு சென்றது என்பதையும் கவனியுங்கள். வெளியூரில் படித்தால் இரண்டும் கைகூடும். வீட்டில் வசதி உள்ளவர்கள் பயணத்தை முன்னே வைக்கலாம். மற்றவர்கள் விண்ணப்பத்தை இந்த ஆண்டே போடுங்கள்.