சர்க்கரைக் கட்டிக்குள் காத்திருந்த ஆந்த்ராக்ஸ்

நார்வே நாட்டின் டிரான்ட்ஹைம் நகரில் உள்ள காவல்துறை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு சிறிய கண்ணாடிப் புட்டி இருந்தது. அதற்குள் இரண்டு சர்க்கரைக் கட்டிகள். 1997-ல் அந்தப் புட்டி காப்பாட்சியரின் கண்ணில் பட்டது. கூடவே ஒரு சீட்டும் இருந்தது. 1917 ஜனவரியில், உளவு, நாசவேலைச் சந்தேகத்தின் பேரில் கராஷோக் என்ற ஊரில் பிடிபட்ட பரோன் ஓட்டோ கார்ல் ஃபான் ரோசனின் பெட்டியிலிருந்து எடுத்த சர்க்கரை இது, இதில் ஆந்த்ராக்ஸ் கிருமி உள்ளது என்று அந்தச் சீட்டு சொன்னது.

கராஷோக், நார்வேயின் வடகோடியில், சாமி என்ற பழங்குடி மக்கள் கலைமான் மேய்க்கும் பனிப் பிரதேசத்தில் இருக்கிறது. முதல் உலகப் போரில் நார்வே எந்தப் பக்கமும் சேரவில்லை. ஆனால் பிரிட்டன் ரஷ்யாவுக்கு அனுப்பிய போர்த் தளவாடங்களில் ஒரு பகுதி இந்தப் பனிவெளி வழியாகத்தான் போனது. குதிரைகளும் கலைமான்களும் பனிச்சறுக்கு வண்டிகளை இழுத்தன. அந்த விலங்குகளைக் கொன்றுவிட்டால் சரக்கு நின்றுவிடும். ரோசனின் பெட்டிகளில் இறைச்சி என்று பெயர் ஒட்டிய டப்பாக்களில் டைனமைட் இருந்தது. க்யூராரே என்ற நஞ்சும், 19 சர்க்கரைக் கட்டிகளும் இருந்தன. தான் ரஷ்ய ஆட்சியிலிருந்து பின்லாந்தை விடுவிக்கப் பாடுபடுபவன் என்றார் அவர். சில வாரங்களில் அவரை விடுவித்து ஸ்வீடனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கட்டியின் வேலைப்பாட்டைக் கவனிக்க வேண்டும். சர்க்கரையில் துளையிட்டு, அதற்குள் மிக மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செருகியிருந்தார்கள். குழாய்க்குள் கிருமி. குதிரைக்குச் சர்க்கரை என்றால் ஆசை; யார் நீட்டினாலும் வாங்கிக் கடிக்கும். கடித்ததும் கண்ணாடி நொறுங்கி வாயையும் குடலையும் கீறும். அந்தக் கீறல் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலக்கும். மனிதனை நம்பி வாய் நீட்டும் விலங்கின் பழக்கத்தையே ஆயுதமாக்கிய கொடுமை இது. விலங்குகளை இப்படிக் குறிவைத்தது ரோசன் மட்டுமல்ல; இதே போரில் ஜெர்மனியின் முகவர்கள் அமெரிக்காவில் கப்பலேறக் காத்திருந்த குதிரைகள், கோவேறு கழுதைகள் மீது கிருமிகளை ஏவினார்கள். கிருமிப் போருக்கு ஜெனீவா உடன்படிக்கை தடை விதித்தது 1925-ல்தான்.

கட்டிகள் பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ஆய்வகத்துக்குப் போயின. குழாயில் இருந்ததை எடுத்து, ஊட்டம் கொடுத்து வளர்த்துப் பார்த்தபோது ஆந்த்ராக்ஸ் கிருமி உயிரோடு முளைத்தது. 1998-ல் நேச்சர் இதழில் இது வெளியானது. எண்பது ஆண்டுகள் எந்தக் குளிர்பதன ஏற்பாடும் இல்லாமல் கிடந்த பொருள்!

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. முளைத்த கிருமியின் முழு மரபணுத் தொகுதியையும் படித்த ஆய்வு ஒன்று 2017-ல் வந்தது. அந்தக் கிருமி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1981-ல் இறந்த ஒரு மாட்டிடமிருந்து எடுத்து, பிறகு ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கிய 'ஏம்ஸ்' வகைக்கு மிக நெருக்கமாக இருந்தது. அப்படியானால் முளைத்தது ரோசனின் கிருமியா, ஆய்வகத்தில் தவறிக் கலந்ததா? கேள்வி நியாயமானது. எண்பது ஆண்டுக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது.

எப்படி இத்தனை காலம்?

ரோசனின் கட்டி பற்றிய சந்தேகம் எப்படித் தீர்ந்தாலும், ஆந்த்ராக்ஸ் கிருமியின் ஆயுள் பற்றிச் சந்தேகமில்லை. உணவு தீர்ந்து, காற்றுப் படும்போது இக்கிருமி ஸ்போர் என்ற உறைநிலைக்குப் போகிறது. உள்ளிருக்கும் நீரின் பெரும்பகுதியை வெளியேற்றிவிடுகிறது. டிஎன்ஏ-வைப் புரதங்கள் பொதிந்துகொள்கின்றன. டைபிகோலினிக் அமிலமும் கால்சியமும் மையத்தை இறுக்குகின்றன. மேலே அடுக்கடுக்காக உறைகள். இந்த நிலையில் அது உண்பதில்லை, பெருகுவதில்லை. வறட்சியும் குளிரும் அதைக் கொல்வதில்லை. உயிருள்ள உடலின் வெப்பமும் ஈரமும் ஊட்டமும் கிடைத்தால் மீண்டும் முளைக்கும். இந்தச் சுழற்சியை 1876-லேயே நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோஹ் விளக்கிவிட்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், இதே போர்ட்டன் டவுன் விஞ்ஞானிகள் ஸ்காட்லாந்தின் க்ரூனார்ட் தீவில் ஆடுகளைக் கட்டிவைத்து ஆந்த்ராக்ஸ் குண்டைச் சோதித்தார்கள். ஆடுகள் செத்தன, ஸ்போர்கள் மண்ணில் தங்கின. 1986-ல் கடல்நீரில் 280 டன் ஃபார்மால்டிஹைடைக் கலந்து தெளித்த பிறகு, 1990-ல்தான் தீவு பாதுகாப்பானது என்று அறிவிக்க முடிந்தது.

நம் ஊர்க் கால்நடை வளர்ப்போருக்கு இந்த நோய் அடைப்பான் என்ற பெயரில் தெரிந்ததுதான். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருமையான ரத்தம் வழியும் மாட்டையோ ஆட்டையோ அறுக்காதீர்கள் என்று கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதே ஸ்போர். உடலைத் திறந்தால் கிருமிக்குக் காற்றுப் படும். அந்த இடத்து மண் பல ஆண்டுகளுக்கு நஞ்சாகிவிடும்.

டிரான்ட்ஹைமில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. என் பார்வையில் அதற்கு முதல் காரணம், என்ன பொருள், யாரிடமிருந்து, எப்போது, என்ன ஆபத்து என்று நான்கையும் எழுதி வைத்த பெயர் தெரியாத அந்த ஊழியர்தான். அவர் எழுதாமல் விட்டிருந்தால், பழைய சர்க்கரை என்று யாராவது புட்டியைத் திறந்து குப்பையில் கொட்டியிருக்கலாம். அருங்காட்சியகங்களில் ஆபத்து கிருமியாக மட்டும் இருப்பதில்லை. பூச்சி அரிக்காமலிருக்கப் பழைய காலத்தில் ஆர்சனிக் தடவிப் பாடம் செய்த விலங்குகளும் பறவைகளும் இன்றும் உலகெங்கும் கண்ணாடிப் பெட்டிகளில் நிற்கின்றன. கையுறை இல்லாமல் தொடக் கூடாதவை அவை.

சென்னை அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. அவ்வளவு பழைய சேகரிப்புகள் நம்மிடமும் இருக்கின்றன. நம் அருங்காட்சியகங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் எழுத்து மங்கிய சீட்டோடு நிற்கும் ஒவ்வொரு புட்டியையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, மங்கியதைப் புதிதாக எழுதி ஒட்டும் வேலைக்கு ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும்.